ஏழாவது கட்டுக்கும் எட்டாவது கட்டுக்கும் நடுவில்

ஹைடல்பெர்க்
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நான் சுகம். உன் முட்டி எப்படி இருக்கிறது? மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறுகிறாயா? உண்மையைச் சொல்.

போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. போன வாரம் சாம்பாருக்கு எந்தப் பருப்பு என்பதில் போனை வைத்துவிட்டாய். அதனால் இதை எழுதுகிறேன். நீயும் எழுத்திலேயே பதில் சொல். மின்னஞ்சல்தான் என்றாலும் தேதி போட்டு, கடிதமாக எழுது.

நான் ஆராய்வது தெற்கு வானில் இருக்கும் ஒரு நட்சத்திரக் கொத்தை. இருபதாயிரம் ஒளியாண்டு தூரம். பிறந்து இருபது லட்சம் வருடம்தான் ஆகிறது. நட்சத்திரங்களுக்கு அது தொட்டில் வயது. பத்தாயிரத்துக்கு மேல் நட்சத்திரங்கள் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு பிறந்திருக்கின்றன. ஒரு நட்சத்திரம் பிறக்கும்போது அதைச் சுற்றி வாயுவும் தூசியும் தட்டையான வட்டாகச் சுழலும். பூமி மாதிரிக் கோள்கள் உருவாவது அந்த வட்டிலிருந்துதான். ஆனால் கொத்தின் நடுவில் சூரியனைவிட ஐம்பது மடங்கு, நூறு மடங்கு கனமான நட்சத்திரங்கள் சில இருக்கின்றன. அவற்றின் புற ஊதா ஒளி அக்கம்பக்கத்து வட்டுகளை ஆவியாக்கிவிடும். அப்படியானால் நடுவில் இருப்பவற்றுக்கு வட்டு மிச்சம் இருக்கிறதா, இல்லையா? இதுதான் என் கேள்வி.

பெரும்பாலானவற்றைக் கணினி பிரித்துவிட்டது. அது கைவிரித்தவை 4,800. ஒவ்வொன்றுக்கும் ஆறு சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். கடைசிப் படம் ஆழ்ந்த அகச்சிவப்பு. வட்டு இல்லாத நட்சத்திரம் அதில் காணாமல் போய்விடும். வட்டு இருந்தால் சூடான தூசி ஒரு மங்கிய புள்ளியாக நிற்கும். பின்னணியில் புகை மாதிரி வெளிச்சம் பரவியிருக்கும். அதற்குள் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். “உண்டு” அல்லது “இல்லை”, அவ்வளவுதான்.

முப்பத்தாறு வருடம் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த கண் உன்னுடையது. செய்வாயா? ஒவ்வொரு நட்சத்திரத்தையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. ஒருவர் நீ, இன்னொருவர் நான். கட்டுக்கு நானூறு வீதம் பன்னிரண்டு கட்டு. நடுவில் தொடங்கி வெளியே போகும் வரிசை.

மார்ச்சில் என் ஒப்பந்தம் முடிகிறது. இங்கேயே மூன்று வருட வேலை ஒன்றுக்கு டிசம்பரில் நேர்முகம். இந்த முடிவு கையில் இருந்தால்தான் என் பெயர் எடுபடும்.

உன் செபத்தில் என்னையும் சேர்த்துக்கொள்.

தங்கை,
பிரிஸில்லா


மந்தைவெளி
20 ஜூன் 2024

அன்புள்ள பிரிஸி,

நலம். முட்டி அதன் இடத்தில் இருக்கிறது. கைப்பிடியைப் பிடிக்கிறேன், சில நாள். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

முதல் கட்டு வந்து சேர்ந்தது. கீழ் வீட்டு சர்தார் பாய் தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்து, கணினியில் எல்லாவற்றையும் திறந்து கொடுத்தார். படங்களைப் பார்த்தவர், “இன்னா சார் இது? ஊசி குத்துன துணி மாரி கீது” என்றார். நான் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அது சரி, உண்டு போட்டா துட்டா, இல்ல போட்டா துட்டா?” என்றார். இரண்டுக்கும் கிடையாது என்றேன். “அப்ப கரெக்டா போடுவீங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான் பார்க்கும் முறையை உன்னிடம் சொல்லிவிடுகிறேன். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் பார்ப்பேன். டாக்டர் வந்து பார்ப்பதற்கு முன்பே மயிரிழை முறிவு எனக்குத் தெரிந்துவிடும். நட்சத்திரத்தையும் அப்படியே பார்க்கிறேன்.

ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. “சார், இதைக் கொஞ்சம் பாருங்க” என்று அதற்குப் பிறகு என்னிடம் யாரும் கேட்டதில்லை. இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

உன்னை எப்போதும் நினைக்கும்,
லியோனார்ட்


ஹைடல்பெர்க்
28 ஜூலை 2024

அன்புள்ள அண்ணா,

சுகமா? இங்கே முப்பத்து நாலு டிகிரி. ஜெர்மன்காரர்கள் செத்துப் பிழைக்கிறார்கள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு ரசம் வைக்கிறேன்.

நான்கு கட்டும் கிடைத்தன. நூற்றுக்கு ஒன்பது! நடுவில் இருக்கும் நட்சத்திரங்களில் நூற்றுக்கு ஒன்பதுக்குத்தான் வட்டு மிஞ்சியிருக்கிறது. பேராசிரியரிடம் காட்டினேன். மேஜையைத் தட்டினார். மற்றவர்கள் கணிதத்தில் எதிர்பார்த்ததை நாம் கண்ணால் பார்த்துவிட்டோமாம். நவம்பர் மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பச் சொன்னார், அனுப்பிவிட்டேன்.

“யார் அந்த இரண்டாவது பார்வையாளர்?” என்று கேட்டார். என் அண்ணன், சென்னையில் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருந்தவர் என்றேன். “அவருக்கு என் வணக்கம்” என்றார். சேர்ப்பித்துவிட்டேன்.

பிரியமுடன்,
பிரிஸில்லா


மந்தைவெளி
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பிரிஸி,

இங்கே எல்லாரும் சுகம். மெட்ரோவுக்காகத் தெருவைத் தோண்டிப்போட்டிருக்கிறார்கள். கோயிலுக்குப் போகவே சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பேராசிரியருக்கு என் வணக்கத்தைச் சொல்.

ஐந்து, ஆறு, ஏழு ஆகிய மூன்று கட்டையும் அனுப்பியிருக்கிறேன். திரை மங்கலாகத் தெரிகிறது என்று ரிச்சி தெருவில் புதிதாக ஒன்று வாங்கி வந்தேன். அதுவும் மங்கல்தான். இப்போது வரும் சாமான்கள் எதுவும் சரியில்லை. “பொட்டிய மாத்திட்டீங்க. அடுத்து இன்னா, ஆள மாத்தணுமா?” என்று சர்தார் கேட்கிறார். அவருக்கு வாய் நீளம்.

நேற்று நொச்சிக்குப்பத்தில் ஒரு சங்கரா மீனை எடுத்துக் கூடையில் போட்டேன். விற்கிற அம்மா என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டார். “அத்த வையி நைனா. அது காலைல வந்தது இல்ல. உனக்கு இன்னா, கண்ணு தெர்ல?” என்று சத்தம் போட்டு, வேறு மீன் எடுத்துக் கொடுத்தார். வியாபாரம் செய்பவர் பேசுகிற பேச்சா இது?

எட்டாவது கட்டுக்குக் கொஞ்ச நாள் ஆகும். இங்கே ஒரு சின்ன வேலை இருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

லியோனார்ட்


ஹைடல்பெர்க்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணா,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பெசன்ட் நகர் மாதா திருவிழாவைப் பற்றிக்கூட நீ எழுதவில்லை. கொடியேற்றத்துக்குக் கூட்டம் எவ்வளவு, இந்த வருடம் யார் யாரைக் கண்டாய் என்று பட்டியல் போடாத வருடம் உண்டா?

நேற்று பொறுக்க முடியாமல் போன் செய்தேன். சர்தார் பாய் எடுத்தார். “சார் தூங்கறாரும்மா” என்றார். அங்கே காலை பதினொரு மணி. உடம்புக்கு என்ன என்று கேட்டேன். “நல்லா கீறாரு, நல்லா கீறாரு” என்று இரண்டு தடவை சொன்னார். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

கட்டு கிடக்கட்டும். நீ எப்படி இருக்கிறாய்?

பிரிஸில்லா


மந்தைவெளி
29 செப்டம்பர் 2024

அன்புள்ள பிரிஸி,

கவலைப்படாதே. சளி, கொஞ்சம் காய்ச்சல். அதனால்தான் திருவிழாவுக்குப் போகவில்லை. இப்போது நலம். சர்தாரின் மனைவி வஜீஹா தினமும் ஒரு கிண்ணம் சூப் அனுப்பிவைக்கிறார். அவர் சமையலால் சர்தார் ஏன் இத்தனை பருமன் என்பதும் விளங்கிவிட்டது.

இன்று பூசைக்குப் போனேன். சாந்தோம் கோயில் அப்படி வெளுப்பாக இருந்தது. கோபுரத்தின் விளிம்பு ஒவ்வொன்றும் வெட்டி வைத்த மாதிரி தெரிந்தது. “எப்ப வெள்ளை அடிச்சாங்க?” என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். “யாரும் அடிக்கலியே” என்றார். கடலுக்கு இத்தனை நீலம் உண்டு என்பதும் மறந்திருந்தது.

எட்டாவது, ஒன்பதாவது கட்டை இத்துடன் அனுப்புகிறேன். ஐந்தே நாளில் முடிந்துவிட்டன. மற்றவை அடுத்த மாதத்துக்குள் வந்துவிடும்.

வேறு விசேஷம் இல்லை.

லியோனார்ட்


ஹைடல்பெர்க்
3 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணா,

கல்லறைத் திருநாளுக்கு அண்ணி கல்லறையில் என் பெயரிலும் மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பாய். நன்றி. உன் சளி போய்விட்டது என்று நம்புகிறேன்.

பன்னிரண்டு கட்டையும் சேர்த்து வரைபடம் போட்டேன். முதல் ஏழு கட்டில் நூற்றுக்கு ஒன்பது, பத்து, ஒன்பது என்று வருகிறது. எட்டாவது கட்டில் முப்பத்தெட்டு. அதற்குப் பிறகு கடைசி வரை முப்பத்தெட்டு, நாற்பது. நடுவில் படிப்படியான ஏற்றம் இல்லை. சுவர் எழுப்பிய மாதிரி நிற்கிறது.

அந்தச் சுவர் சரியாக 2,800-ஆவது நட்சத்திரத்துக்கும் 2,801-ஆவதுக்கும் நடுவில் நிற்கிறது, அண்ணா. கட்டுக்கு நானூறு என்று வெட்டியது நான், கோப்பின் அளவுக்காக. வானத்துக்கு அது தெரியாது. கனமான நட்சத்திரத்தின் ஒளி நம் ஏழாவது கட்டு வரை வந்து, எட்டாவது கட்டின் வாசலில் நிற்காது.

பேராசிரியர் இதை இன்னும் பார்க்கவில்லை. மாநாட்டுக்குப் பதினைந்து நாள் இருக்கிறது. எனக்குக் கோபமில்லை. பழைய சண்டையும் இல்லை. ஒரே கேள்விதான். ஏழாவது கட்டுக்கும் எட்டாவது கட்டுக்கும் நடுவில் என்ன நடந்தது?

பிரிஸில்லா


மந்தைவெளி
10 நவம்பர் 2024

அன்புள்ள பிரிஸி,

என் சுகத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அதிலிருந்தே சொல்கிறேன்.

எனக்குச் சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. செப்டம்பர் இரண்டாம் தேதி திங்கட்கிழமை, ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு கண் மருத்துவமனையில் வலது கண்ணுக்குப் புரை அறுவை சிகிச்சை நடந்தது. புரை நன்றாக முற்றியிருந்ததாம். “இத்தனை நாள் எப்படிச் சமாளிச்சீங்க?” என்று டாக்டர் கேட்டார். சர்தார்தான் ஆட்டோவில் கூட்டிப்போனார். படிவம் நிரப்பிய நர்ஸ், “நீங்க பேஷன்ட்டுக்கு என்ன உறவு?” என்று அவரைக் கேட்டார். “கீழ் வூடு” என்றார். “அப்படி ஒரு உறவு இதுல இல்லீங்க.” “இல்லாட்டி இன்னா, எழுதிக்கோம்மா. நாந்தான் இட்டாந்தேன், நாந்தான் இட்டுனு போவேன்.” எழுதிக்கொண்டார்.

செப்டம்பர் இருபத்து நாலாம் தேதி எட்டாவது கட்டைத் திறந்தேன். முதல் நட்சத்திரத்திலேயே புள்ளி தெரிந்தது. தேட வேண்டியிருக்கவில்லை. பத்தாவதுக்கு வரும்போது எனக்கு விளங்கிவிட்டது. ஏழாவது கட்டைத் திறந்து, “இல்லை” என்று நான் போட்டிருந்ததில் இருபதை மறுபடி பார்த்தேன். ஆறில் புள்ளி இருந்தது.

அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. பேராசிரியர் மேஜையைத் தட்டினார் என்று எழுதியிருந்தாய். அந்த வேலைக்கு இது வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். வெளிக் கட்டுகள் சரியாக இருந்தால் போதும், எப்படியாவது ஒத்துப்போய்விடும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அறுவை சிகிச்சையை மறைத்ததற்குக் காரணம் வேறு. கண் சரியில்லை என்று தெரிந்தால் கட்டுகளை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவாய். எக்ஸ்ரேக்காரன் தன் கண்ணைப் பற்றி இப்படி எழுதுவது சுலபமில்லை. ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் நான் எடுத்த படங்களையும் நினைத்துக்கொள்கிறேன். அப்போது கண் நன்றாகத்தான் இருந்தது. இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

உன் வேலையைக் கெடுத்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

லியோனார்ட்


ஹைடல்பெர்க்
13 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணா,

முதலில் கோபத்தைத் தீர்த்துக்கொள்கிறேன். கண்ணைக் கிழித்துக்கொள்ளப் போகும் மனிதன் தங்கையிடம் சொல்ல மாட்டானா? சொட்டு மருந்தை வேளைக்கு விட்டது யார்? வஜீஹாவா? அவருக்கு நான் தனியாக எழுதுகிறேன். முடிந்தது.

இனி என் பங்கு. ஒவ்வொன்றையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்று எழுதினேன், நினைவிருக்கிறதா? நான் பார்க்கவில்லை. விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன். உன் பட்டியலில் இருபதுக்கு ஒன்றை மட்டும் திறந்து, உன் பதிலை முதலில் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தேன். நீ “இல்லை” என்று போட்டிருந்தால் எனக்கும் இல்லை என்றே தெரிந்தது. மாநாட்டுச் சுருக்கத்தில் “இருவர் தனித்தனியாகச் சரிபார்த்தனர்” என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். நான் பார்த்திருந்தால் ஜூலையிலேயே பிடிபட்டிருக்கும். உன் கண்ணில் புரை. என் கண்ணில் ஒன்றுமில்லை.

இன்று காலை பேராசிரியரிடம் இரண்டையும் சொன்னேன். சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுவிட்டேன். அவர் மேஜையைத் தட்டவில்லை. “மறுபடி செய்ய முடியுமா?” என்றார். நேர்முகத்துக்கு முன்னால் முடியாது.

4,800-ஐயும் கலைத்துப்போட்டு அனுப்புகிறேன். எது நடு, எது விளிம்பு என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்தத் தடவை நானும் பார்க்கிறேன், ஒன்று விடாமல். பார்வையாளர் நீதான். வேறு யாருக்கும் கொடுக்கப்போவதில்லை.

உன் தங்கை,
பிரிஸில்லா


மந்தைவெளி
19 ஜனவரி 2025

அன்புள்ள பிரிஸி,

உனக்கும் பேராசிரியருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். வலது கண் சுகம். முட்டி பழையபடிதான்.

கடைசி எண்பதை நேற்று முடித்தேன். நாளுக்கு எண்பது, காலை ஏழு முதல் பத்து வரை. நடுவில் இரண்டு தடவை கண்ணுக்கு ஓய்வு. எண்பதைத் தாண்டக் கூடாது என்று நீ வஜீஹாவுக்கு எழுதினாலும் எழுதினாய், பத்து அடித்ததும் அவர் படியேறி வந்துவிடுவார். “சார், ஆச்சா இல்லியா? மூடுங்க” என்பார். “இன்னும் நாலுதான்” என்பேன். “அந்த நாலு எங்கியும் ஓடிப்போவாது” என்று தானே அணைத்துவிடுவார். கிறிஸ்துமஸ் அன்று மட்டும் விடுமுறை. அவருக்குக் கேக் கொடுத்தேன். அவர் எனக்கு எண்பது வேண்டாம் என்று அனுமதி கொடுத்தார்.

சந்தேகமானவற்றுக்கு “தெரியவில்லை” என்று மூன்றாவது பதில் ஒன்று வைக்கச் சொன்னாயே, அதற்கு நன்றி. 212 இடத்தில் அப்படிப் போட்டிருக்கிறேன். போன தடவை அந்தக் கட்டம் இருந்திருந்தாலும் போட்டிருப்பேனா, சொல்ல முடியாது.

வேலை என்ன ஆயிற்று என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

லியோனார்ட்


ஹைடல்பெர்க்
20 ஏப்ரல் 2025, ஈஸ்டர் ஞாயிறு

அன்புள்ள அண்ணா,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள். நீ ஆட்டுக்கறி சாப்பிட்டிருப்பாய். நான் இங்கே முட்டைக் குழம்பு.

கேட்காமல் விட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று வருட வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. கெட்டிக்காரப் பெண், எனக்குப் பிடித்தவள்தான். பேராசிரியர் என் ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு என்ன என்று தெரியாது. இதை உன் கணக்கில் எழுதிக்கொள்ளாதே. பாதிக்கு மேல் என் கணக்கு.

இனி நட்சத்திரங்கள். நாம் இருவரும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றில் ஒத்துப்போகிறோம். சுவர் போய்விட்டது. கொத்தின் நட்டநடுவில் நூற்றுக்கு இருபத்தொன்று. அங்கிருந்து மெல்ல மெல்ல ஏறி விளிம்பில் முப்பத்தொன்பது. கனமான நட்சத்திரங்கள் வட்டுகளைத் தேய்க்கின்றன, உண்மை. ஆனால் அவற்றுக்கு மிக அருகிலேயே, இருபது லட்சம் வருடத்துக்குப் பிறகும் ஐந்தில் ஒன்றுக்கு வட்டு மிஞ்சியிருக்கிறது. எப்படி? தூசி மறைத்துக் காப்பாற்றியதா, அவை தாமதமாகப் பிறந்தனவா, வெளியிலிருந்து நடுவுக்கு நகர்ந்து வந்தவையா? தெரியாது. அந்தத் தெரியாததை வைத்துத்தான் கட்டுரை எழுதினோம்.

முதல் தடவை நடந்த தவறையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன். “பார்வையாளர் ஒருவருக்கு இடையில் வலது கண்ணில் புரை அறுவை சிகிச்சை நடந்தது. மற்றவர் தன் பங்கைச் செய்யவில்லை. ஆகவே எல்லாப் படங்களும் கலைக்கப்பட்டு, இருவராலும் மறுபடி பார்க்கப்பட்டன.” பேராசிரியர் படித்துவிட்டு, இரண்டாவது வாக்கியம் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன்.

கட்டுரையை மதிப்பிடும் நடுவரின் குறிப்பு நேற்று வந்தது. யாரென்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். பெரிய ஆட்சேபம் இல்லை. ஒரு கேள்வி மட்டும் உன்னைப் பற்றியது: “அந்தப் பார்வையாளரின் இடது கண் எந்த நிலையில் இருக்கிறது?” நான் உன்னைக் கேட்க மறந்த கேள்வி இது. முகம் தெரியாத ஒருவர் கேட்டிருக்கிறார். உண்மையை எழுது.

பிரியமுடன்,
பிரிஸில்லா


மந்தைவெளி
24 ஏப்ரல் 2025

அன்புள்ள பிரிஸி,

உன் வாழ்த்தும் நடுவரின் விசாரிப்பும் கிடைத்தன.

அவருக்கு இப்படி எழுது. இடது கண்ணிலும் புரை இருக்கிறது. படம் பார்க்கும்போது அந்தக் கண் எப்போதும் மூடியிருந்தது, ஆகவே முடிவைப் பாதிக்காது. மே இருபத்தாறாம் தேதி, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அதே மருத்துவமனையில் அறுவை சிகிச்சை.

அவருக்கு இவ்வளவு போதும். உனக்கு இன்னும் கொஞ்சம். போன தடவை வீட்டுக்கு வந்து கண்ணில் கட்டோடு படுத்திருந்த முதல் ராத்திரி, எனக்குப் பயமாக இருந்தது. சர்தாரிடம் அதைச் சொல்ல முடியவில்லை. நல்ல மனிதர், கேட்டால் மேலே வந்து என் அறையிலேயே பாயைப் போட்டிருப்பார். அதனால்தான் சொல்லவில்லை.

லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை என்று இங்கே ஒரு வரி எழுதினேன். எழுதிவிட்டு அழித்துவிட்டேன்.

வா, பிரிஸி.

அண்ணன்,
லியோனார்ட்